என் செடிக்குக் கவாத்து

நடுவட்டம் பஸ் ஸ்டாப்புக்கு எதுக்க காலியா கிடக்கிற பேக்கரிக்குள்ள நானும் நிலாவும் பேசிக்காம நிக்கிறோம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இங்க எங்க பாப்-அப் எக்ஸிபிஷன். பத்து மணிக்குத் திறக்கணும், இப்பவே ஒன்பதரை.

பிளான் என்னமோ செம்மதான். கொழுந்து பறிக்கிற பொம்பளைங்கள அவ கோயம்புத்தூர்ல துணியில வரைஞ்சா. தேயிலைச் செடிய நான் சென்னையில அட்டையில வரைஞ்சேன். முன்னால செடி, பின்னால ஆளுங்க. அளவு பேசிக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. இப்ப அட்டைய நிக்க வெச்சா, செடிக்கு மேல அஞ்சு தலை மட்டும் தெரியுது.

"ஒரு மாசம் வரைஞ்சேன்டா"ன்னா நிலா.

பஸ்ஸுக்கு நிக்கிற ஒரு எஸ்டேட் அக்கா உள்ள எட்டிப் பாக்குறாங்க.

"ஏன் தம்பி, இது கவாத்து வெட்டாம விட்ட காடா?"

"ஆர்ட்டுங்கக்கா."

"என்னவோ இருக்கட்டும். கழுத்து வரைக்கும் செடி நின்னா ஏணி போட்டா கொழுந்து பறிக்கிறது?"

நிலா சிரிச்சுட்டா. அக்கா துணியில இருக்கிற பொம்பளையோட இடுப்பு உசரம் பாத்து, என் அட்டையில நகத்தால கோடு கிழிக்கிறாங்க.

"இங்க வெட்டு."

மூணு வார வேலை. பல்லக் கடிச்சுட்டு கட்டர்ல வெட்டுறேன். மேல்பாதி விழுந்ததும் பின்னாடி பத்து கை தெரியுது, விரலெல்லாம் கறுத்து.

அக்கா தன் விரல அதுங்க பக்கத்துல வெச்சுப் பாக்குறாங்க.

"கொழுந்துக் கறை சரியா இருக்கு புள்ள"ன்னு நிலாகிட்ட சொல்றாங்க. என் செடியப் பத்தி ஒரு வார்த்தை வரல.