கெட்டிமேளத்துக்கு நடுவே ஒரு போன்

ஏழெட்டு வருஷம் இருக்கும். அப்போது நான் மயிலாப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவுப் பிரிவில் பயிற்சி டாக்டர். யூனிட்டில் நாங்கள் மூன்றே பேர். அதில் பெண் நான் ஒருத்திதான். எங்கள் சீஃப் கைராசிக்காரர், ஆனால் சிடுமூஞ்சி. வார்டிலிருந்து போன் செய்தால், ஹலோவுக்குப் பதிலாக "இதுக்கா கூப்பிட்டே?" என்பார். நாங்கள் விஷயத்தையே சொல்லியிருக்க மாட்டோம்!

ஒரு நாள் நிர்வாகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். சமோசா, டீ எல்லாம் கொடுத்து, "உங்க சீஃப் எப்படிச் சொல்லித் தர்றார், கூட நிக்கறாரா? மனசு விட்டுச் சொல்லுங்க, பேர் வெளியே போகாது" என்றார். மற்ற இருவரும் "சூப்பர் மேடம்" என்று சொல்லிவிட்டு சமோசாவில் மும்முரமாகிவிட்டார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அவரைக் கூப்பிடவே பயமா இருக்கு மேடம். சில சமயம் கூப்பிடாமலே இருந்துடறோம்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் என் முகத்தைப் பார்க்காமலே, "இனிமே எதுவா இருந்தாலும் கூப்பிடுங்க" என்றார். போச்சுடா! மூன்று பேரில் யார் என்று கண்டுபிடிப்பதா கஷ்டம்? நிஜமாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று புரியாமல் தவித்தேன்.

அடுத்த வாரம் தி.நகரில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். சரியாக முகூர்த்த நேரம் பார்த்து, காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த பட்டினப்பாக்கம் மீனவர் ஒருவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்சிஜன் வைத்தும் அடங்கவில்லை. நாடி எகிறியது. அவர் மனைவி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா டாக்டரம்மா, மன்ஷனுக்கு மூச்சு இப்டி வாங்குது? பெரிய டாக்டர கூப்புடும்மா!"

"இப்பவா? செத்தே நீ" என்றான் என் கூட இருந்தவன். நான் நம்பரைப் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். "கெட்டிமேளம்மா, ஒண்ணும் கேக்கலை. கத்திச் சொல்லு!"

கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "உடனே ஐ.சி.யூ.வுக்கு மாத்து, நான் வர்றேன்" என்றார்.

பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். காலிலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்திருந்தது. மருந்து ஏற்றி, சாயங்காலம்தான் மீனவருக்கு மூச்சு சீரானது; கண் விழித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தாலி கட்டறதைப் பாக்காம ஓடி வந்துட்டேன். என் தங்கச்சி என்னைச் சும்மா விடமாட்டா, நீதான் வந்து சாட்சி சொல்லணும்" என்று சீஃப் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மீனவரின் மனைவி, "சாப்ட்டியா நைனா?" என்று அவரைக் கேட்டார். பாவம், பந்தியில் எங்கே உட்கார்ந்தார்!

இன்று அடையாற்றில் எனக்குக் கீழே நாலு ஜூனியர்கள் இருக்கிறார்கள், ஒரு நாள் முழுக்க அவர்களிடமிருந்து போன் வரவில்லையென்றால் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது, நானே கூப்பிட்டு "என்னம்மா, ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டுவிடுகிறேன்.