ஏசி மெக்கானிக் தூங்கிய ஒரு மணி நேரம்

அன்றைக்கு வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா இல்லை, மில்லில் பகல் ஷிப்டுக்கு ஆள் குறைவென்று கூப்பிட்டிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிற அவருக்காகத்தான், என் சம்பளத்தைச் சேர்த்து அந்த ஏசியை வாங்கியிருந்தேன்.

சர்வீஸுக்கு வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கண்கள் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ராஜபாளையத்தில் அந்தச் சித்திரையில் அவரைக் கூப்பிடாத தெரு இல்லை. போன வருடம் வந்தபோதும் அவர் உட்காரவில்லை. "உக்காந்தா எந்திரிக்க ஏலாதுக்கா" என்றார்.

வேலை முடிந்து, குளிர்ச்சி சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். "செத்த நேரம் உக்காருங்க தம்பி" என்று அம்மா வற்புறுத்தி மோர் கொடுத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மோரைக் குடித்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

பக்கத்தில் அவர் போன் அடித்தது. நான் எழுப்பப் போனேன்.

"விடுலே. தூங்குற மனுசனை இந்த வீட்டுல யாரும் எழுப்புறதில்ல" என்று அம்மா போனை எடுத்து, கட்டிலில் கிடந்த அப்பாவின் தலையணைக்கு அடியில் செருகினாள்.

ஒரு மணி நேரம் கழித்து விழித்தவர் போனைத் தேடி எடுத்துப் பேசினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் காத்திருந்தவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

"எழுப்பியிருக்கலாம்லக்கா."

அம்மாவின் முகம் சுருங்கியது. "அங்க எம்புட்டு கெடைச்சிருக்கும் தம்பி?"

"ரெண்டு மிஷின். ஆயிரத்து இருநூறு."

அதையும் சேர்த்துக் கொடுக்க அம்மா பீரோவைத் திறந்தாள்.

"தூங்குனது நான். அதுக்கு நீங்க கூலி குடுப்பியளா?" என்று தடுத்துவிட்டார்.

நாங்கள் அவருக்குச் செய்தது நல்லதா கெடுதலா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. எங்களிடம் அவர் வாங்கிக்கொண்டது சர்வீஸுக்கான அறுநூறு ரூபாய் மட்டும்.