அக்காவின் இலைப்பச்சைச் சேலை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் அரிமளம் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பி எழுதிக்கொள்வது. அக்காவின் நல்ல குணங்களை அவருடைய பிள்ளைகள் மற்ற பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். நான் அவர் உடுத்திய சேலைகளைப் பற்றியும், கடைசியில் ஒரு சேலையால் எனக்கு வந்த பயத்தைப் பற்றியும் எழுதுகிறேன். நினைவு மலரில் சேலைக் கதையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சேலையை விட்டுவிட்டு அக்காவைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா வல்லத்திராக்கோட்டையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா களையெடுக்கப் போய் எங்களைப் படிக்க வைத்தார். புதுக்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி படித்த காலத்தில் அக்காவிடம் மாற்றிக் கட்ட இரண்டே சேலைகள் இருந்தன. ஒரு நாள் முந்தானையை மடித்துப் பின் குத்துவார். மறுநாள் அதே சேலையின் முந்தானையை ஒற்றையாக விட்டு, ரவிக்கையை மாற்றிப் போடுவார். உடன் படித்தவர்கள் அவரை வசதியான வீட்டுப் பெண் என்றே நினைத்தார்கள்.

அரிமளத்துக்கு வாக்கப்பட்டு, பக்கத்து ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆன பிறகும் அந்தக் கவனம் போகவில்லை. சித்திரை வெயிலுக்கு வெளிர்நிறச் சுங்குடி. ஐப்பசி மழைக்குச் சேறு தெரியாத அடர்நிறம், கணுக்காலுக்கு மேலே தூக்கிய கட்டு. மார்கழியில் டிசம்பர் பூ வைத்தால் அதற்குச் சேர்கிற ஊதாக் கரை வேண்டும். பழைய சேலைகள் சன்னல் திரையாகும், திரை நைந்தால் மிதியடியாகும். டிவி பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நந்தியாவட்டைப் பூவை மிதக்க விட்டிருப்பார். மச்சான், அதாவது அக்காவின் கணவர், "அடுத்து என்னையும் வெட்டித் தச்சு உறை போட்டுருவா" என்று கேலி செய்வார்.

அப்படிப்பட்டவரை வயிற்றில் வந்த கட்டி நைட்டியில் உட்கார வைத்துவிட்டது. தஞ்சாவூர் மருத்துவமனையில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் கைபேசி அடித்தால், அரிமளத்து அழைப்பா என்று பார்த்த பிறகே எடுப்பேன். புரட்டாசியில் ஒருநாள் பார்க்கப் போனபோது, மச்சான் எழுந்து போகும்வரை காத்திருந்து அக்கா பேசினார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், பயப்படாத. பொறந்த வீட்டுக் கோடி நீதான் போடணும். சித்திக்கு எடுத்தீங்களே, வழவழன்னு ஒண்ணு, அந்த மாதிரி எடுத்துறாத. ஊரே வந்து பாக்கும். நான் எந்திரிச்சு மாத்திக் கட்டவா முடியும்?"

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால் அவர் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. சாவு விழுந்த பிறகு யாராவது ஓடிப்போய், கைக்கு அகப்பட்டதை வாங்கி வருவதுதான் வழக்கம். உயிரோடு இருப்பவருக்கு முன்கூட்டியே கோடி எடுத்து வைத்தால் எமனுக்கு நாமே ஆள் அனுப்பியதாகிவிடாதா? எடுக்காமல் விட்டால், கடை பூட்டியிருக்கும் நேரத்தில் அக்கா போய்விட்டால்? இரண்டு பயமும் சேர்ந்து என்னைச் சாப்பிட விடவில்லை.

ஒருநாள் அலுவலகம் விட்டதும் புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். யாருக்கு என்று கேட்ட பெண்ணிடம் "அக்காவுக்கு, தீபாவளிக்கு" என்றேன். "அக்கா நல்ல கலரா இருப்பாங்களா சார்?" என்று கேட்டார். 'இருப்பாங்களா' என்ற சொல் மட்டும் என் காதில் நின்றது. அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒரு பருத்திச் சேலையைக் காட்டி, பையில் போடச் சொன்னேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பீரோவின் மேல் பழைய பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்த என் மனைவி அதைக் கண்டுவிட்டார். அக்காவுக்குத் தீபாவளிச் சேலை எடுத்துவிட்டு வழக்கம்போல மறந்துவிட்டேன் என்று நினைத்து, மஞ்சள் குங்குமத்தோடு பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டார். மாலையில் "ஒங்க அக்காவுக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கோடியை என் வீட்டு ஆள் கையாலேயே உயிரோடு இருப்பவரிடம் கொடுத்தாகிவிட்டது. மழையில் நனைந்துகொண்டே வண்டியை அரிமளத்துக்கு விட்டேன். போவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று வழியெல்லாம் பயம்.

அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சேலையைக் கட்டியிருந்தார். பல மாதம் கழித்து நைட்டி இல்லாமல் அவரைப் பார்த்தேன். "நான்தான் மாப்ள கொசுவம் புடிச்சேன்" என்றார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் காபி போட உள்ளே போனதும் அக்கா சொன்னார்.

"எதுக்கு எடுத்ததுன்னு எனக்குத் தெரியும்டா. தீபாவளிக்கு நீ என்னைக்கு ஒத்தையில கடைக்குப் போயிருக்க? நல்லா இருந்துச்சு, கட்டிட்டேன். இனிமே இது கோடிக்கு ஆகாது."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. இன்னொண்ணு எடுக்கணும். இந்தத் தடவ என்னையக் கூட்டிட்டுப் போ."

அக்கா வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டது அதுவே முதல் தடவை. மறுக்க முடியவில்லை. கார்த்திகையில் உடம்பு கொஞ்சம் தேறிய ஒரு முற்பகலில், வாடகைக் காரில் அதே கடைக்குக் கூட்டிப் போனேன். மச்சானிடம் ஆஸ்பத்திரி என்று சொன்னோம். அக்கா நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொரு சேலையாக விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். சிவப்பைத் தள்ளினார்.

"ரோசாப்பூ மால நெறைய விழும், செவப்பு அமுங்கிப் போயிரும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "தை தாண்டுவேன்னு நெனைக்கிறேன். வெயிலு ஏறயில பச்சை கண்ணுக்குக் குளுமையா இருக்கும். கரை மஞ்சளா இருந்தாப் பெரியவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அந்தக் கடைப் பெண் இலைப்பச்சையில் ஒன்றை விரித்து, "விசேஷத்துக்கா அம்மா?" என்றார்.

"ஆமா கண்ணு. எல்லாரும் வருவாங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தார். சேலையைப் பையில் போட்டுக் கொடுக்கும்வரை பிடியை விடவில்லை.

"ஒங்க வீட்டுல வையி. எங்க வீட்டுல இருந்தா இதையும் எடுத்துக் கட்டிருவேன்" என்றார் காரில். பீரோவில் என் சட்டைகள் இருக்கும் தட்டில் அதை வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. வெளியே கிடந்த சட்டைகளையே துவைத்துத் துவைத்துப் போட்டேன். பார்க்கப் போகும்போதெல்லாம் "வேற சட்டையே இல்லையாடா ஒனக்கு?" என்று அக்கா சிரிப்பார். காரணம் தெரிந்துதான் கேட்டார் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு அந்த அரக்குச் சேலையை மறுபடி கட்டிக்கொண்டார். தை போனது. மாசியில், காலை வெயில் வாசலுக்கு வந்த நேரத்தில், மச்சான் மடியில் தலை வைத்தபடி அக்கா அடங்கினார்.

அந்த நாட்களில் வீடு தேடி வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், எங்களைப் பசியோடு விடாத பக்கத்து வீட்டாருக்கும், விடுப்பு போட்டு வந்து நின்ற அக்காவின் சக ஆசிரியர்களுக்கும், கொசுவம் பிடிக்கக் கற்றுக்கொண்ட மச்சானுக்கும் பிறந்த வீட்டின் சார்பில் என் நன்றி. துக்கத்துக்கு வந்தவர்களில் பலர், நான் கோடி போர்த்தியதும், "தம்பிக்காரன் பாத்துப் பாத்து எடுத்திருக்கான்" என்று என் தோளைத் தொட்டுச் சொன்னீர்கள். அப்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்தச் சேலையைப் பார்த்துப் பார்த்து எடுத்தவர் என் அக்கா. நீங்கள் எல்லோரும் வருவீர்கள் என்று, பயந்துகொண்டே, உங்களுக்காக எடுத்தார்.