டீச்சர் கவிதையும் மல்லாங்கிணறு வத்தலும்

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி ஆற்றில் தண்ணீர் வந்து, வண்டிகளெல்லாம் கரை மேலேயே நின்ற வருசம் அது. நாங்கள் கொண்டுபோன பொங்கல் பானையை அக்கரைக் கோயிலுக்குக் கொண்டுசேர்க்க முடியாமல் இக்கரையிலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கினோம். அடி கொஞ்சம் பிடித்துவிட்டது, ஆனாலும் ருசிதான். அதை விடுங்கள். அந்த வருசம் கிறிஸ்துமஸுக்குத்தான் டீச்சரின் கவிதைப் புத்தகம் வந்தது.

டீச்சர் எங்களுக்கு எதிர்வீடு. ரிட்டயராகி வெகுகாலம். எல்லாரும் ஸார் என்று கூப்பிட்ட வீட்டுக்காரர் இறந்தபின் தனியாக இருக்கிறார்கள். முன்பும் புத்தகம் போட்டவர்கள்தான். வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் "நல்லாருக்கு டீச்சர்" என்பார்கள். எது நல்லாயிருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

"இதுதான் கடைசிப் புத்தகம், அண்ணாச்சி. உள்ள இருக்கிறதப் பத்தி யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும்" என்றார்கள் என்னிடம். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். ஆனாலும் என்னிடம்தான் சொன்னார்கள்.

புத்தகம் அச்சுக்குப் போயிருந்த சிவகாசியில் அப்போது காலண்டர் சீசன் மும்முரம். கை நடுங்குகிற வரைக்கும் நானும் அந்த வேலைதான் பார்த்தேன். காலண்டர் அட்டைக்கு ஓட்டை போட்டுக் கயிறு கோப்பது. சீசனில் சாப்பிடும்போதுகூட விரல் கயிறு கோப்பது போலவே இருக்கும். டீச்சரின் புத்தகமோ உள்ளங்கை அகலம். பக்கத்துக்கு ஒரு கவிதை, பின்பக்கம் வெள்ளை. பைண்டிங் ஆட்கள் அதைத் தினசரிக் காலண்டர் என்றே நினைத்து, மேல்பக்கம் கம்பி அடித்து, அட்டையில் பதித்து, மாட்டுவதற்கு ஓட்டையும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அச்சாபீஸ் போர்மேன் வந்து தலையைச் சொறிந்தார். "பின்னால வெள்ளையா இருந்துச்சு, டீச்சர். கை அது பாட்டுக்குப் போயிருச்சு."

"கிழிச்சுப் போடுறதுக்கா எழுதுனேன்?" என்றார்கள் டீச்சர்.

மறுநாள் சர்ச் ஹாலில் புத்தக வெளியீட்டு விழா. மாற்றித் தைக்க நேரமில்லை. அப்படியே கொடுத்துவிட்டார்கள். வாங்கிப்போனவர்கள் ஆணியில் மாட்டி, காலையில் ஒரு தாள் கிழித்தார்கள். வேறென்ன செய்வார்கள்? டீக்கடையில் மாஸ்டர் கிழித்துச் சத்தமாக வாசிப்பார்.

"இன்னைக்கு என்னலே போட்டிருக்கு?"

"செருப்புக் கடிச்ச பாட்டு."

"நேத்து பூனை, இன்னைக்குச் செருப்பா? நாளைக்கு என்னன்னு பாருலே."

"கைய எடு! நாளைக்குள்ளத நாளைக்குத்தான் கிழிக்கணும்."

இதைப் போய் டீச்சரிடம் சொன்னேன். முகம் தெளியவில்லை. "சிரிப்பாக, அப்புறம் அந்தத் தாள்லயே வடைய வச்சுத் திம்பாக" என்றார்கள். வடையை நானே பார்த்திருந்தேன்.

மாசி மாதம், ஒரு காலை. முருங்கைக்கீரை கொடுக்க டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பொம்பளை பஸ் பிடித்து வந்து நின்றாள். டீச்சரிடம் படித்தவளாம், விழாவில் ஒன்று வாங்கிப்போயிருக்கிறாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

"என்ன டீச்சர் இப்பிடிப் பண்ணிட்டீக? நாளை மழை வரும்னு போட்டிருக்கீக. களத்துல காயப்போட்ட மிளகா வத்தல் அம்புட்டையும் அள்ளி உள்ள வச்சேன். வெயில்னா வெயில், அப்பிடியொரு வெயில்! எங்க வீட்டு ஆளு என்னைய ஏசுன ஏச்சு இருக்கே!"

டீச்சர் திகைத்துவிட்டார்கள். "ஏளா, அது கவிதை. ராசிபலனா?"

"ஆணியில மாட்டுறாப்புல தந்தா, நான் வேற என்னன்னு நெனைக்க?"

"சரி, மிச்சத்த வாசிச்சியா?"

"வாசிக்காமயா பஸ் ஏறுனேன்?" என்று தாளை விரித்து வாசித்தாள்.

"நாளை மழை வரும்.
அவர் குடையை எடுத்து
வாசலில் வைத்திருக்கிறேன்."

வாசித்துவிட்டு அவள் கதவு மூலையைப் பார்த்தாள். வளைந்த பிடி வைத்த கறுப்புக் குடை அங்கேதான் சாய்ந்திருந்தது. தாளைப் பழையபடி மடித்தாள். பிறகு, சண்டைக்கு வந்த குரலை விட்டுவிட்டு, "ஸார் கொடை, அங்கனயேதான் இருக்கு, என்ன டீச்சர்?" என்றாள்.

"அங்கனயேதான் இருக்கு" என்றார்கள் டீச்சர்.

அதற்குப் பிறகு காப்பி போட்டார்கள். என் கீரையை அவளை உருவச் சொன்னார்கள். இரண்டு பேரும் வத்தல், ஸார், பழைய பள்ளிக்கூடம் என்று மத்தியானம்வரை பேசினார்கள். டீச்சர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அவள் போனதும் பெட்டியில் கிடந்த தன் பிரதியை எடுத்துவந்தார்கள்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு ஆணி அடிங்க."

அடித்தேன். இப்போதும் அதில்தான் தொங்குகிறது. தாள் எல்லாம் தீர்ந்து வெறும் அட்டைதான்.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசிலும் ஒன்று தொங்குவதாகக் கேள்வி. நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவர்களிடம் சொல்லுங்கள்: எந்தத் தாளில் மனசு நின்றதோ அதை ஒருவார்த்தை டீச்சரிடம் வந்து சொல்லட்டும். சண்டைக்கு வந்தாலும் சரிதான். டீச்சர் காலையில் வீட்டில்தான் இருப்பார்கள்.