எலுமிச்சம்பழமும் முன்னிருக்கையும்

தாராவித் தொண்ணூறடிச் சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் தங்கசாமியின் தங்கை விஜயராணிக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும் என்பது அக்குடும்பத்தார் அனைவரும் அறிந்த செய்தி. அதனால் பதினோர் ஆண்டுகளாக அவள் முன்னிருக்கையில் அமர்ந்தே பயணம் செய்துவருகிறாள். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். புறப்பட்டது முதல் போய்ச் சேரும்வரை எதுவும் உண்ண மாட்டாள். அதிகம் பேசவும் மாட்டாள்.

உண்மையில் அவளுக்கு ஒருமுறைகூட வாந்தி வந்ததில்லை.

இதைச் சென்ற மாதம்தான் என்னிடம் சொன்னாள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் என்னிடம் பயின்றவள் அவள். ஐம்பதை நெருங்கும் இவ்வயதிலும், மாட்டுங்காச் சந்தைக்கு வாழையிலையும் பூவும் வாங்க வரும்போதெல்லாம் என் வீட்டுப் படியேறிவிட்டுத்தான் போவாள். அவள் கூறியவற்றை இயன்றவரை அவள் கூறிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றது. தாயார் பிச்சம்மாளுக்கு முழங்கால்கள் மடங்காமற்போயின. அவரைத் தூக்கி இருத்தவும் குளிப்பாட்டவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்து, பின்னர் வராமலே போயினர். அண்ணன் மகள் ஷ்யாமளா பிறந்தபோது, அண்ணி முத்துக்கனி கடையில் நிற்க வேண்டியிருந்ததால், குழந்தை விஜயராணியின் இடுப்பில் வளர்ந்தது. தலை பின்னுவது, பள்ளிக்கு அழைத்துச் செல்வது, காய்ச்சலென்றால் கண் விழிப்பது எல்லாம் அத்தையின் வேலைகள்.

தம்பி ராஜபாண்டி திருமணத்திற்குப் பின் செம்பூருக்குக் குடிபெயர்ந்தான். அவன் மனைவி வந்தனா கல்யாணில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவன் எழுவர் அமரக்கூடிய கார் ஒன்றை வாங்கியதிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ இரு குடும்பங்களும் சேர்ந்து எங்கேனும் போய்வருவது வழக்கமாயிற்று. கால் நீட்டி அமர வேண்டியிருந்ததால் முன்னிருக்கை பிச்சம்மாளுக்கு உரியதாக இருந்தது. அதைப்பற்றி ஒருவரும் யோசித்ததுகூட இல்லை. அவர் இறந்தபின் சீரடிக்குப் புறப்பட்ட நாளில்தான், அந்த இருக்கை காலியாக இருப்பதை எல்லாரும் ஒரே நேரத்தில் கண்டனர்.

"அத்தை இருந்த எடத்துல மூத்தவ இருக்காம வேற ஆரு இருப்பா? ஊருல போயி கேட்டுப் பாரு" என்றாள் முத்துக்கனி.

"வண்டி ஓட்டுறது என் வீட்டுக்காரரு. அவரு பக்கத்துல நான் உக்கார்றதுக்கு ஊருல எதுக்குக்கா பர்மிஷன் வாங்கணும்?" என்றாள் வந்தனா.

"பாத்தியளா, என்ன பேச்சு பேசுதான்னு!" என்று கணவன் பக்கம் திரும்பினாள் முத்துக்கனி.

தங்கசாமி சமாதானம் பேசினார். "சாமி கும்பிடப் போற நேரத்துல என்ன இது? ஆளுக்குப் பாதி வழி இருந்துக்கிட்டா சோலி முடிஞ்சுது."

"சரி, மொதப் பாதி ஆருக்கு?" என்றாள் முத்துக்கனி.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. முன்னிருக்கையில் யாரையும் ஏற்றாமலே வண்டி புறப்பட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. கல்யாண் வந்ததும் வந்தனா இறங்கித் தாய்வீட்டுக்கு நடந்தாள். "பாபா எங்கயும் போயிர மாட்டாரு" என்று சொல்லி ராஜபாண்டி வண்டியைத் திருப்பினான். அதற்குப் பின் எட்டு மாதங்கள் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அந்தத் தீபாவளிக்கு இரு வீட்டுப் பலகாரங்களையும் விஜயராணிதான் பேருந்தில் சுமந்துசென்று மாற்றிக் கொடுத்தாள். அங்கே போனால், "அண்ணன் என்ன சொன்னான்?" என்பார்கள், இங்கே வந்தால், "அவன் என்ன சொன்னான்?" என்பார்கள். "ஒங்களக் கேட்டதாச் சொன்னாக" என்று இருபுறமும் ஒரே பொய்யை அவள் சொல்லிவந்தாள்.

ஷ்யாமளா பத்தாம் வகுப்பில் தேறியதை முன்னிட்டு நாசிக் கோயிலுக்குப் போகலாம் என்று மீண்டும் பேச்சு எழுந்தது. செம்பூரில் ராஜபாண்டியின் கட்டடத்து வாசலில் வண்டி நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கும் வேலை விஜயராணியுடையது. வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, முன்கதவின் அருகே அண்ணியும் தம்பி மனைவியும் கைப்பையுடன் நிற்பதைப் பார்த்தாள். இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவளுடைய கையில் ஐந்தாவது பழம் ஒன்று மிச்சம் இருந்தது. அதை மூக்கருகே கொண்டுசென்றாள்.

"தம்பி, எனக்கு ஒரு மாதிரி வருது. பின்னால இருந்தா வாந்தி எடுத்துருவேன். நான் முன்னால இருந்துக்கிடட்டுமா?"

"இன்னும் வண்டியே எடுக்கலையேக்கா!"

"நெனைச்சாலே வருதுல்லா."

எல்லாரும் சிரித்தனர். சிரிப்பினூடே முத்துக்கனியும் வந்தனாவும் பின்னால் ஏறிவிட்டனர். அன்று நாசிக் வரையிலும், திரும்பும்போதும், ஒரு சச்சரவும் இல்லை.

ஒருநாள் சொன்னதை மறுமுறை மாற்றிச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பயணத்திற்கும் முதல்நாள் இரவே உணவைக் குறைத்துக்கொள்வாள். முகம் சற்று வாடியிருக்க வேண்டுமல்லவா? எல்லாருக்கும் அவளே புளிச்சோறு கிளறித் துவையல் அரைத்துப் பொட்டலம் கட்டுவாள். வண்டி ஓடும்போது பின்னால் பொட்டலங்கள் பிரியும். சூட்டில் வெந்த வாழையிலையின் மணம் முன்னால் வரும். "அத்தைக்குக் காட்டாதீங்க, பாவம்" என்று யாரேனும் அன்போடு சொல்வார்கள். பின்னால் கதை நடக்கும். பாட்டுக்குப் பாட்டு நடக்கும். திரும்பிப் பார்த்தால் தலை சுற்றும் என்று தானே சொல்லியிருந்ததால், அவளால் திரும்ப முடியாது.

முன்னிருக்கைக்கு மேலே, வெயிலை மறைக்க மடக்கி இறக்கும் பலகையில் உள்ளங்கையளவு கண்ணாடி ஒன்று பதித்திருப்பார்கள். வெயிலே இல்லாத நாளிலும் அவள் அதை இறக்கி வைத்துக்கொள்வாள். அதில் ஷ்யாமளாவின் ஒரு காது தெரியும். முறுக்கை வாங்கும் ஒரு கை தெரியும். சிரிக்கும் வாயொன்று பாதி தெரியும். யார் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது காற்றிரைச்சலில் கேட்காது. "பதினோரு வருசமா எங்க குடும்பத்தைத் துண்டு துண்டாத்தான் பாத்துருக்கேன், டீச்சர்" என்றாள்.

ஷ்யாமளாவுக்குத் திருமணமாகி ஈராண்டுகள் ஆகின்றன. கணவனுக்குப் பஞ்ச்கனியில் வங்கி வேலை. அவள் கருவுற்று ஏழாம் மாதம் பிறந்தபோது, மலைப்பாதையில் இறங்கிப் பயணம் செய்ய வேண்டாம் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆகவே வளைகாப்பை அங்கேயே நடத்துவதென்றும், இங்கிருந்து எல்லாரும் காரில் போவதென்றும் முடிவாயிற்று. அந்தக் கைகளுக்கு முதல் வளையலைத் தான் அணிவிக்க வேண்டும் என்று விஜயராணி எண்ணியிருந்தாள். குழந்தைப் பருவத்தில் அக்கைகளுக்கு ரப்பர் வளையல் போட்டு வளர்த்தவள் அவள்.

புறப்படுவதற்கு நான்கு நாள்களுக்கு முன், தாராவி வீட்டில் முத்துக்கனியும் வந்தனாவும் தரையில் அமர்ந்து வளையல்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தனர். தங்கசாமி தயங்கித் தயங்கித் தொடங்கினார்.

"ராணி, நீ இந்த மட்டம் வர வேண்டாம்மா. அந்த மலையில கொண்டை ஊசி வளைவு எத்தனைன்னு தெரியுமா? நமக்கே கொடலைப் பொரட்டும். நீ எப்படித் தாங்குவ?"

"ஷ்யாமளாவும் அதான் சொல்லுதா" என்றாள் முத்துக்கனி. "அத்தையக் கஷ்டப்படுத்திக் கூட்டிட்டு வராதீய, நான் பிள்ளையத் தூக்கிட்டு அங்கதான வரப்போறேன்னு போன்ல அழுதா."

"அண்ணே, எனக்கு வாந்தியெல்லாம் வராது" என்றாள் விஜயராணி. "எப்பவும் வந்தது கிடையாது. இத்தனை வருசமும் பொய்தான் சொன்னேன்."

அடுத்த கணம் முத்துக்கனி கலகலவென்று சிரித்தாள்.

"ஏட்டி, பிள்ளை மேல உள்ள ஆசையில என்ன பேசுதோம்னே தெரியலையா ஒனக்கு?"

"சத்தியமாத்தான் மைனி சொல்லுதேன்."

"மதினி, போன தடவை லோனாவளாவுல நீங்க இருந்த இருப்பை நான் போட்டோவே எடுத்து வச்சிருக்கேன்" என்று வந்தனா கைப்பேசியை நீட்டினாள். படத்தில் விஜயராணி வெளிறிப்போய்க் கண்களை மூடியிருந்தாள். அன்று அவள் காலையிலிருந்து பட்டினி. "இது ஆக்டிங்னா உங்களுக்கு அவார்டே குடுக்கணும்!"

"பொய் சொல்லுததுக்கு ஒனக்கு என்னட்டி கேடு?" என்று முத்துக்கனி கேட்டாள். "முன்னால காத்தாட இருக்கவா? நீ அப்படி ஆளா?"

காரணத்தைச் சொன்னால்தான் நம்புவார்கள். அது அவளுடைய நாக்கின் நுனியில் இருந்தது. எதிரே இரு பெண்களும் தோளோடு தோள் உரசி, ஒரே கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். முத்துக்கனியின் மடியில் கிடந்த சிவப்பு வளையல்களை வந்தனா உரிமையோடு எடுத்து அடுக்கினாள். உங்கள் இருவருக்காகத்தான் என்று எப்படிச் சொல்வது? தங்கசாமி கண்களைத் துடைத்துக்கொண்டார். "எம்புட்டு ஆசை பாரு அவளுக்கு!" என்று எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

ஆயினும் அவள் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. சனிக்கிழமையே செம்பூருக்குப் போய், தம்பி வீட்டுச் சமையலறையில் சித்திரான்னங்களைச் சமைத்தாள். ஞாயிறு காலையில் வழிக்குப் பொட்டலம் கட்டியபோது, ஆறுக்குப் பதிலாக ஏழு கட்டினாள். கடைசி நேரத்தில் யாரேனும், "சரி, ஏறிக்கோ" என்று சொல்லக்கூடும் அல்லவா? புதுச்சேலையையும் உடுத்தியிருந்தாள்.

வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. ராஜபாண்டியின் பெண்மக்கள் இருவரும் கடைசி வரிசையில் இடம்பிடித்துவிட்டனர். தங்கசாமி நடுவரிசையில் ஏறி அமர்ந்தார். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்த விஜயராணி, முன்கதவைப் பார்த்தாள். முத்துக்கனியும் வந்தனாவும் அதன் இருபுறமும் நின்றுகொண்டிருந்தனர்.

"நீங்க உக்காருங்கக்கா."

"நீ இரு. வண்டி ஓட்டுறவன் பொண்டாட்டி."

"இல்ல, மூத்தவங்க நீங்கதான? அப்புறம் ஊருல கேப்பாங்க."

குரல்களில் இனிமை இருந்தது. இருவர் முகத்திலும் அது இல்லை. ராஜபாண்டி இயந்திரத்தை முடுக்கிவிட்டு இரு கைகளாலும் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்தபடி நேரே பார்த்தான். கல்யாணில் வண்டியைத் திருப்பிய நாளிலும் அவன் அப்படித்தான் பார்த்தான் என்பது விஜயராணிக்கு நினைவு வந்தது.

அவள் விரைந்து பின்கதவைத் திறந்தாள். காலடியில் வைத்திருந்த வளைகாப்புத் தாம்பாளத்தை எடுத்து, வளையல்களும் மஞ்சளும் தேங்காயும் பூவும் சரியாமல் சுமந்துவந்து, முன்னிருக்கையில் வைத்து இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினாள்.

"மங்கலப் பொருளைக் காலடியில கொண்டுபோவக் கூடாது. இது முன்னால போகட்டும்."

"ஆமா, அதான் சரி" என்றாள் முத்துக்கனி.

"கரெக்ட் மதினி" என்றாள் வந்தனா.

இருவரும் பின்னால் ஏறிக்கொண்டனர். ஏறும்போதே வந்தனா ஏதோ சொல்ல, முத்துக்கனி அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள். இவ்வளவும் முடிய ஒரு நிமிடங்கூட ஆகவில்லை.

"ஒரு தாம்பாளத் தட்டு, டீச்சர்" என்றாள் என்னிடம். "ஒரு தட்டு போதுமா இருந்துருக்கு."

தங்கசாமி உணவுப் பையை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கூட இருக்கே. நீ வச்சுச் சாப்பிடும்மா" என்று ஏழாவது பொட்டலத்தைச் சன்னல் வழியே நீட்டினார். முத்துக்கனி குனிந்து, பையில் மிஞ்சியிருந்த எலுமிச்சம்பழத்தையும் எடுத்து அவள் கையில் திணித்தாள். "பஸ்ஸுல போவும்போது மோந்துக்கோ. பாத்துப் போ, ஏட்டி." உண்மையான பரிவோடுதான் சொன்னாள். நான்கு பழங்களும் நசுங்க, வண்டி புறப்பட்டுப் போயிற்று.

செம்பூரிலிருந்து சயான் செல்லும் பேருந்தில் ஞாயிறு காலையாதலால் கூட்டமில்லை. விஜயராணி நேரே கடைசி வரிசைக்குப் போய்ச் சன்னலோரம் அமர்ந்தாள். நடத்துநர் பயணச்சீட்டு கொடுக்க வந்தார். "மாவ்ஷி, ஆகே சீட் காலி ஹை. பீச்சே பஹுத் தக்கா லக்தா ஹை" என்றார். முன்னால் இடம் இருக்கிறது, இங்கே தூக்கித் தூக்கிப் போடும் என்பது அவர் கவலை.

"நஹி பாவு, இதரிச் டீக் ஹை" என்றாள் அவள். இதுவே போதும் என்று.

எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டாள். பொட்டலத்தை மடியில் வைத்து நூலை அவிழ்த்தாள். வாழையிலை வாடிச் சோற்றோடு ஒட்டியிருந்தது. பேருந்து குர்லாவின் பள்ளங்களில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவளைச் சன்னலோடு சாய்த்தது. அவள் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் புளிச்சோற்றைத் துவையலோடு பிசைந்து, கடைசிப் பருக்கைவரை உண்டாள். பயணத்தில் அவள் உண்டு பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. உப்பு ஒரு கல் குறைவு என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது; இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

இலையை மடித்துப் பையில் வைத்தாள். சயானில் இறங்கும்வரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்ப்பதற்கு அவர்களுள் ஒருவரும் அங்கே இல்லை.