காலி வயிறு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். அறிவியல் படித்தவள் நான். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது.

ஒரு மூலிகைச் சாறு வயிற்றுப்புண்ணைத் தடுக்கிறதா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது என் ஆய்வு. முதலில் எலிகளை ஒரு நாள் பட்டினி போட வேண்டும். பிறகு சாறு, அதன்பின் வயிற்றைப் புண்ணாக்கும் ஆல்கஹால். கடைசியில் இரைப்பையை அறுத்துப் புண்களைப் பார்ப்போம். வயிறு காலியாக இல்லாவிட்டால் எல்லாம் வீண்.

இரண்டு முறை வீணாயிற்று. அறுத்த இரைப்பைகளில் பாலில் ஊறிய பிஸ்கட்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்மா," என்றார் வழிகாட்டி மேடம்.

எனக்கு எலிகளுக்குத் தீவனம் போடும் எலிக்கூடத்து அண்ணன் மேல்தான் சந்தேகம். எலிகளைப் 'பிள்ளைங்க' என்று கூப்பிடுகிற மனிதர். ஒருவழியாக அவரிடமே கேட்டேன்.

"பாலும் பிஸ்கட்டுமா? வீட்டுல எனக்கே கெடைக்காது பாப்பா."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தேகம் வலுத்தது.

மூன்றாவது முறை, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தீவனத்தை எடுத்துவிட்டுக் கதவை உள்ளே தாழிட்டேன். கூண்டுகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாப்பிடக்கூட எழவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவர் வந்துவிட்டால்?

மதியம். ஜன்னலில் நல்ல வெயில்.

எலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. கம்பியைப் பற்றிக்கொண்டு மூக்கைத் தூக்கின. தீவனம் போட ஆள் வந்தால் அப்படித்தான் நிற்கும்.

கதவைப் பார்த்தேன். போட்ட தாழ் போட்டபடி.

முதல் கூண்டில் மெல்லும் சத்தம். சப்... சப்...

பிறகு அடுத்த கூண்டில். அதற்கடுத்ததில்.

ஒருவர் நடந்து வரும் வேகத்தில்...

கடைசிக் கூண்டு என் பக்கத்தில்.

எலிகள் தலையைத் திருப்பின. என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே...

பால் வாசனை.

தாழைத் திறந்து வெளியே ஓடினேன். வராந்தாவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"பாத்துட்டியா?"

"யாருண்ணே அது?"

"உனக்கு முன்னாடி இதே ஆராய்ச்சி பண்ணுன பொண்ணு. வேலை வேலைன்னு சாப்பிடாமக் கெடந்து, வயித்துப்புண்ணு வந்து போய்ச் சேந்துருச்சு. கடைசியில பால்ல ஊறுன பிஸ்கட்தான் எறங்குச்சு. இப்ப இங்க யாரு பட்டினி கெடந்தாலும் அதுக்குப் பொறுக்காது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்புவியா? நீதான் என்னையே திருடனாப் பாத்தியே."

ஆய்வு வேறொருவர் கைக்குப் போயிற்று. எல்லாம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் எனக்கு வயிற்றுவலி. வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன்.

குழாயை வெளியே எடுத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"வெறும் வயித்தோட வரச் சொன்னேனேம்மா. பால்ல பிஸ்கட் தொட்டுச் சாப்பிட்டிருக்கீங்க... இப்பத்தான், வர்ற வழியில."