இரண்டாவது சைகைக்குக் காத்திருக்கும் செல்கள்: ஜார்ஜ்டவுனுக்கு ஒரு மருத்துவமனைப் பயணம்

பினாங்குத் தீவுக்கு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். நானும் என் மனைவி மலரும் போன புதன்கிழமை ஸ்கேன் முடிவு கேட்கப் போனோம். மலரின் எதிர்ப்பு சக்தியே அவள் மூளையைத் தாக்குகிறது. ஏழு மாத மருந்துக்குப் பிறகும் படத்தில் புதுப் புள்ளி இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அடுத்த தாக்குதலில் இடது கால் போகலாம். இதே காரணத்துக்காகத் தீவுக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தீவுக்கு எதிர்க்கரையில் நாங்கள் இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து காலை 7.10-க்குக் காரில் கிளம்பினோம். பிறை தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, 22 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. காரைத் துறையில் நிறுத்திவிட்டு ஏறிய ஃபெர்ரிக்கு ஆளுக்கு 2 வெள்ளி, அதாவது ரிங்கிட். ஜார்ஜ்டவுன் ஜெட்டியிலிருந்து மருத்துவமனைக்கு வாடகைக் கார் 11 வெள்ளி. ஓட்டுநர் மலரின் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, "முன்னாடி படிக்கட்டு லா அக்கா, பின்பக்கம் போயிரலாம்" என்று சாய்தளத்தின் அருகிலேயே இறக்கிவிட்டார். நீங்களும் பின்வாசலையே கேளுங்கள்.

டாக்டரம்மா படத்தைத் திறக்கும் முன்பே நான் உளறிவிட்டேன். "டாக்டர், எதிர்ப்பு சக்தி கூட்டுற பொடி ஒண்ணு, ரெண்டு மாசமா இவ காப்பில கலந்துட்டு வரேன். இவளுக்குத் தெரியாது."

"அண்ணே, அக்காவுக்கு அந்த சக்தி குறைச்சல் இல்ல. ஆளு மாறி அடிக்குது, அதான் நோயே" என்று ஒரு தாளில் வட்டம் போட்டார். "இது டி செல், எதிர்ப்பு சக்தியோட அடியாள். எதிரியோட துண்டை இன்னொரு செல் இதுக்குக் காட்டும். காட்டினா மட்டும் போதாது. 'ஆமா, அடி'ன்னு ரெண்டாவது சைகையும் கொடுக்கணும். கொடுக்கலன்னா இது அடங்கிப் படுத்துக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறை ஃபேக்டரியில் நான் ஓட்டும், தகடு அழுத்தும் பிரஸ் மெஷின், இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும்; கை நசுங்கிவிடக் கூடாதே என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அதே யோசனை மனுஷ ரத்தத்தில் எப்போதிலிருந்தோ ஓடிக்கொண்டிருக்கிறது!

"அந்த ரெண்டாவது பொத்தானைப் பிடுங்கிட்டா?"

"எலிக்கு அப்படிச் செஞ்சா மூளை அழற்சி அடங்குது அண்ணே. மனுஷனுக்கு அவ்வளவு லேசா வரல. அக்கா மருந்து வேற வழியில வேலை செய்யுது." படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "புதுப் புள்ளி ஒண்ணும் இல்ல. பொடியை மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க."

பழைய ஸ்கேன் படங்களை மறக்காமல் எடுத்துப் போங்கள். வீட்டில் என்ன பொடி, என்ன கஷாயம் கொடுத்தாலும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

திரும்பும் ஃபெர்ரியில்தான் மலர் வாயைத் திறந்தாள். "அந்தப் பொடி வாசனை எனக்கு முத நாளே தெரியுங்க. நீங்க வேலைக்குப் போனதும் சிங்க்ல ஊத்திட்டு வேற காப்பி போட்டுக்குவேன்."

"ஏன் சொல்லல?"

"ராத்திரியெல்லாம் தூங்காம பயந்துட்டுக் கிடந்தீங்க. அதைக் கலக்குறப்பதான் உங்க முகம் கொஞ்சம் தெளியும். உங்களுக்கு மருந்தா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அத்தனை பேர் முன்னால் நான் அழுதுவிட்டேன்.